உருகுவதைப் படம்பிடிப்போம்: உருகுநிலைச் சோதனையில் கேமராவின் வேலை

வேதியியல் லேபில் ஒரு மாணவர் பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டில் 122 டிகிரி செல்சியஸ் என்று எழுதுகிறார். மறுநாள் நோட்டைத் திருத்தும் ஆசிரியரின் கையில் இருப்பது அந்த எண் மட்டுமே. தூள் எப்போது இளகத் தொடங்கியது, பாதி திடமும் பாதி திரவமுமாக எவ்வளவு நேரம் நின்றது, நடுவில் நிறம் மாறியதா, குமிழி வந்ததா என்பதெல்லாம் அந்த மாணவரின் கண்ணோடு போய்விட்டன. மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு லேபிலும் நெடுங்காலம் இதே நிலைதான். ஒருவர் பார்த்து எழுதுவார். இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். ஆனால் அந்த இரண்டாமவரால் எழுதியதைத்தான் சரிபார்க்க முடியும், பார்த்ததை அல்ல.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கேமரா வந்தது. உருகுநிலை என்று நாம் ஒரே எண்ணாக எழுதுவது சில நிமிடங்கள் நீளும் ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வை வெப்பநிலையோடு சேர்த்துப் படமாகப் பிடித்து வைத்தால், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்த்து அந்த எண் சரிதானா என்று கேட்கலாம். இந்த முறை எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும், விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரி லேபில் இதை எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில், உருகுநிலையை எதற்குப் பார்க்கிறோம்?

இரண்டு காரணங்கள். கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள. அது எவ்வளவு தூய்மையானது என்று தெரிந்துகொள்ள.

தூய்மையான படிகப் பொருள் குறுகிய வெப்பநிலை இடைவெளியில் உருகும். பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் முடிந்துவிடும். அதில் வேறொரு பொருள் கொஞ்சம் கலந்திருந்தால் இரண்டு மாற்றங்கள் நடக்கும்: முன்கூட்டியே உருகத் தொடங்கும், உருகி முடிக்க அதிக நேரம் எடுக்கும். தேங்காயெண்ணெயை நினைத்துப் பாருங்கள். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கும் எண்ணெய் வெயில் ஏற ஏற ஒரே நொடியில் தெளிவதில்லை. முதலில் குழைந்து, பிறகு கலங்கி, கடைசியில்தான் தெளிகிறது. பல கொழுப்புகளின் கலவை என்பதால் அதற்குக் கூர்மையான உருகுநிலை கிடையாது. 24 டிகிரி என்று நூல்களில் இருப்பது ஏறத்தாழச் சொன்ன எண்.

கொழுப்புகளை வைத்துத்தான் இந்தச் சோதனையின் வலிமையும் முதலில் தெரிய வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் கொழுப்பு அமிலங்களைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கினார். உருகுநிலை இனி மாறவில்லை என்ற கட்டம் வந்ததும் பொருள் தூய்மையாகிவிட்டது என்று முடிவு செய்தார். இன்றும் நாம் செய்வது அதைத்தான். அப்படிப்பட்ட ஷெவ்ரலே ‘மார்கரிக் அமிலம்’ என்று பெயரிட்ட ஒன்றைத் தனிப்பொருள் என்று நம்பினார். அது பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களின் கலவைதான் என்று 1850களில் ஜெர்மனியின் ஹைன்ட்ஸ் காட்டினார். சில கலவைகள் தூய பொருளைப் போலவே குறுகிய இடைவெளியில் உருகும் என்ற எச்சரிக்கை அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

கண் பார்க்கும் முறை

மெல்லிய கண்ணாடிக் கேபிலரி குழாய், ஒரு முனை மூடியது. அதில் நன்றாக அரைத்து உலர்த்திய தூளைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டித்தட்டி இறுக்கமாக நிரப்ப வேண்டும். பிறகு வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். திரவப் பாரஃபின் ஊற்றிய தீலே குழாயைப் பல கல்லூரிகளில் இன்றும் பார்க்கலாம். ஜெர்மன் வேதியியலாளர் யோஹானஸ் தீலே 1907இல் அறிமுகப்படுத்தியது. அதன் வளைந்த கையைச் சூடாக்கினால் எண்ணெய் தானே சுழன்று வரும், கலக்கத் தேவையில்லை. மின்சாரக் கருவியில் எண்ணெய்க்குப் பதிலாக ஓர் உலோகக் கட்டையும் அதைப் பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கும்.

எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு அருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற அளவில் ஏற்ற வேண்டும் என்பது மருந்துத் தரநூல்களான பார்மகோபியாக்கள் வழக்கமாகச் சொல்லும் விதி. அவசரப்பட்டால் கட்டையின் வெப்பநிலை முன்னால் ஓடும், தூளின் வெப்பநிலை பின்தங்கும். உருகியது 122இல் என்றாலும் திரை 125 காட்டும்.

இப்போது கண்ணுக்கு வேலை. உருகுதலில் பல கட்டங்கள் உண்டு. முதலில் தூள் சற்றுச் சுருங்கிக் குழாயின் சுவரைவிட்டு விலகலாம். இது உருகுதல் அல்ல, ஆனால் புதியவர்கள் இதைத்தான் தொடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்து சுவரோரம் வியர்த்ததுபோல் நுண்ணிய துளிகள். பிறகு தூண்போல் நின்ற தூள் சரிந்து விழும். திரவத்தின் வளைந்த மேற்பரப்பு தெரியும், அடியில் இன்னும் திடம் கிடக்கும். கடைசிப் படிகமும் கரைந்து முழுவதும் தெளியும். இதில் எதை உருகுநிலை என்பது? அமெரிக்க பார்மகோபியா தூள் திட்டவட்டமாகச் சரியும் இடத்தைத் தொடக்கமாகவும் முழுதும் திரவமாகும் இடத்தை முடிவாகவும் கொண்டு வரம்பாக எழுதச் சொல்கிறது. ஐரோப்பிய பார்மகோபியாவின் கேபிலரி முறை கடைசித் திடத்துகள் திரவமாகும் வெப்பநிலையை எடுக்கிறது. ஆக, ஒரே குழாயை ஒரே நேரத்தில் பார்த்த இருவர் இரண்டு எண்களை எழுதி, இரண்டும் சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது. எந்தக் கட்டத்தைச் சொன்னார்கள் என்பதை எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்றே சொல்வேன்.

கேமரா என்ன பார்க்கிறது

கருவிக்குள் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கேமரா, நடுவில் சூடாகும் கட்டையில் கேபிலரிகள். தூள் நிலையில் இருக்கும் பொருளின் எண்ணற்ற சிறு படிகங்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். பின்னாலிருந்து விளக்கு வந்தால் ஒளி கேமராவை எட்டாது, தூள் கறுப்பாகத் தெரியும். உருகித் திரவமானதும் ஒளி ஊடுருவும், அதே இடம் வெளிச்சமாகும். விளக்கு முன்னாலிருந்து வந்தால் நேர்மாறு: வெள்ளைத் தூள் பளிச்சென்று இருந்து, உருகியதும் பின்னணி தெரிவதால் இருண்டுபோகும்.

இந்த வெளிச்ச மாற்றத்தை எண்ணாக்குவதுதான் மென்பொருளின் வேலை. படத்தில் தூள் நிற்கும் பகுதியைச் சுற்றி ஒரு சிறு கட்டம் போட்டுக்கொள்கிறது. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எல்லா பிக்சல்களின் வெளிச்ச அளவையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த அளவு 0 முதல் 255 வரை. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சராசரி, அதே நொடியின் வெப்பநிலை ஒன்று. இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். முதலில் தட்டையாகப் போகும், உருகும்போது செங்குத்தாக ஏறும், தெளிந்ததும் மறுபடி தட்டையாகும்.

தொடக்கத்தில் சராசரி 40, தெளிந்த பிறகு 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மாற்றம் 180. அதில் 10 சதவீதம் ஏறிய இடம், அதாவது 58ஐத் தொட்ட வெப்பநிலைதான் தொடக்கம் என்று ஒரு விதி வைக்கலாம். முடிவுக்கும் இப்படியே ஒரு சதவீதம். இந்த எல்லை கருவிக்குக் கருவி மாறும், பயன்படுத்துபவரும் மாற்றலாம். கண்ணின் ‘சரிந்துவிட்டது’ என்ற உணர்வுக்குப் பதிலாக, எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்தும் ஒரு விதி வந்துவிடுகிறது. களைத்த கண்ணுக்கும் புதிய கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதில் இல்லை.

எத்தனை படங்கள் வேண்டும்? நிமிடத்துக்கு 1 டிகிரி ஏறும்போது ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்கு ஏற 6 நொடி ஆகும். நொடிக்கு ஒரு படம் எடுத்தாலே ஒவ்வொரு 0.1 டிகிரிக்கும் ஆறு படங்கள் இருக்கும். அதற்கு மேல் எடுப்பது கோப்பின் பருமனைக் கூட்டுமே தவிர உருகுநிலையைக் கூர்மையாக்காது. உருகும் முன் 5 டிகிரியும் பின் 5 டிகிரியும் பதிவாக வேண்டுமானால் 10 நிமிடம், 600 படங்கள். இன்றைய கணினிக்கு அது ஒன்றுமேயில்லை.

திரும்பப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது

கருவி எண்ணைக் கொடுத்துவிடுகிறதே, வீடியோவை ஏன் திறக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் வீடியோவைத் திறக்காத லேபுக்குக் கேமரா வைத்த கருவியால் பாதிப் பயன்கூட இல்லை. மென்பொருள் பார்ப்பது வெளிச்சத்தை. உருகுதலை அதற்குத் தெரியாது. வெளிச்சம் வேறு காரணத்தால் மாறினாலும் அது எண் கொடுக்கும்.

முதல் காரணம் சுருக்கம். தளர்வாக நிரப்பிய தூள் சூட்டில் சுருங்கிக் கீழிறங்கினால் கட்டத்தின் மேல்பகுதி காலியாகி வெளிச்சம் ஏறும். மென்பொருள் அதைத் தொடக்கம் என்று குறித்துவிடும். வீடியோவில் பார்த்தால் ஒரு துளி திரவம்கூட இருக்காது. இரண்டாவது குமிழி. உருகிய திரவத்துக்குள் சிக்கிய காற்றுக்குமிழியின் ஓரம் கறுப்பாகத் தெரியும். எல்லாம் தெளிந்த பிறகும் கோடு மேலே போகாமல் தயங்கும், முடிவு தாமதமாகப் பதிவாகும். மூன்றாவது சிதைவு. சில பொருள்கள் உருகும்போதே பழுப்பாகி இருண்டுவிடும். ஏற வேண்டிய கோடு இறங்கும். கற்பூரம் போன்றவை இன்னொரு வகை. உருகும் முன்பே ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் போய்ப் படியும். கேமராவின் கண்முன் தூள் மெல்ல மெல்லக் காணாமல் போகும். அப்படிப்பட்டவற்றுக்குக் கேபிலரியின் மறுமுனையையும் மூடிவிடுவது வழக்கம்.

வீடியோ தன் மதிப்பைக் காட்டும் அழகான உதாரணம் வலிப்புநோய் மருந்தான கார்பமாசெபைன். ஒரே மூலக்கூறு பல படிக வடிவங்களில் அடுக்கப்பட முடியும். மருந்தில் வழக்கமாகப் பயன்படும் மூன்றாம் வடிவம் சுமார் 175 டிகிரியில் உருகத் தொடங்கி, அந்தச் சூட்டிலேயே முதலாம் வடிவமாக மறுபடி படிகமாகி, 190ஐ ஒட்டி இரண்டாம் முறை உருகக்கூடும். கண்ணால் பார்ப்பவர் 175இல் தலையைத் திருப்பியிருந்தால் 190 என்று எழுதுவார். கவனமாகப் பார்த்து முதலாவதை மட்டும் எழுதியவர் 175 என்பார். இருவருக்கும் சண்டை வரும். பதிவு இருந்தால் உருகல், உறைதல், மீண்டும் உருகல் என்ற மூன்றும் கண்முன் ஓடும். இவ்வகைப் படிக மாற்றங்களை நுண்ணோக்கியின் கீழ் சூடான மேடை வைத்துப் பார்க்கும் முறையை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் லுட்விக் கோஃப்ளரும் அடெல்ஹைட் கோஃப்ளரும் கேமராக்கள் இப்படி மலியும் முன்பே வளர்த்திருந்தார்கள். கேமரா அவர்களின் பொறுமையை எல்லோர் கைக்கும் கொண்டுவருகிறது.

ஆஸ்பிரின் வேறொரு பாடம் சொல்கிறது. சூடாகும்போது அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியத் தொடங்கும். பிரிந்தவை மாசாகி உருகுநிலையைத் தாழ்த்தும். மெதுவாகச் சூடாக்கினால் 135ஐ ஒட்டி உருகுவதாகத் தெரியும். ஐரோப்பிய பார்மகோபியா சுமார் 143 என்று சொல்கிறது. அது ஏற்கெனவே சூடாக இருக்கும் தட்டில் தூளைத் தூவி உடனே பார்க்கும் முறையில் கிடைக்கும் எண். எந்த வேகத்தில் சூடாக்கப்பட்டது என்பது பதிவோடு சேர்ந்து இல்லாவிட்டால், வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை.

திரும்பப் பார்க்கும்போது இரண்டு உத்திகள் மிக உதவும். ஒன்று, வேகமாக ஓட்டுவது. 10 நிமிடப் பதிவை அரை நிமிடத்தில் ஓட்டினால் நேரில் கண்ணுக்கே தெரியாத மெதுவான சுருக்கமும் நிறமாற்றமும் பளிச்சென்று தெரியும். இரண்டாவது, பின்னோக்கி ஓட்டுவது. நேரில் கடைசிப் படிகத்தைத் தேடுபவர் அது எங்கே இருக்கும் என்று தெரியாமல் தேடுகிறார். தெளிந்த நிலையிலிருந்து பின்னால் வந்தால் முதலில் தோன்றும் புள்ளிதான் அந்தக் கடைசிப் படிகம். அந்தப் படத்தின் வெப்பநிலையே முடிவு. கூடவே, ஒரே மாதிரியை இரண்டு மூன்று கேபிலரிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அவை ஒன்றாக உருகினால் நிம்மதி. ஒன்று மட்டும் தனியாகப் போனால் பொருளைச் சந்தேகிக்கும் முன் அந்தக் குழாயை நிரப்பிய விதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பதிவுக்கும் ஒழுக்கம் வேண்டும்

மருந்துத் துறையில் தரவு நம்பகத்தன்மைக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 என்ற விதி 1997இல் வந்தது. யார் செய்தது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்த நேரத்திலேயே பதிவாக வேண்டும், மூலப்பதிவாக இருக்க வேண்டும், பிழையின்றி இருக்க வேண்டும் என்ற ஐந்தையும் அத்துறையினர் ‘அல்கோவா’ என்ற சுருக்கப் பெயரில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். உருகுநிலைச் சோதனையில் மூலப்பதிவு என்பது வீடியோதான். எண் அதிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே எண்ணை வைத்துக்கொண்டு வீடியோவை அழிப்பது தலைகீழான வேலை.

தொடக்க எல்லையை 10 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினால் எண் மாறும். பிடித்த எண் வரும்வரை எல்லையை நகர்த்த முடியும் என்பதால், அதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மாற்றினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவில் நிற்க வேண்டும். சரியாக வராத சோதனையின் வீடியோவையும் வைத்திருக்க வேண்டும். தோற்ற சோதனைகள் காணாமல் போகும் லேபில் ஜெயித்த சோதனைகளை நம்ப வழியில்லை.

கேமராவால் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு: தவறான வெப்பமானி. படம் தெள்ளத்தெளிவாக இருக்கும், எண் 2 டிகிரி தள்ளியிருக்கும். அதனால் உருகுநிலை உறுதியாகத் தெரிந்த பொருள்களை வைத்து அவ்வப்போது சோதிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உருகுநிலை ஒப்பீட்டுப் பொருள்களில் வெனிலின், அசிட்டனிலைடு, கஃபீன் போன்றவை இருக்கின்றன. வெனிலின் 80களின் தொடக்கத்திலும் கஃபீன் 235ஐத் தாண்டியும் உருகுவதால், கீழே ஒன்று மேலே ஒன்று என்று வெப்பமானியைப் பிடித்துப் பார்க்கலாம்.

கைப்பேசியே போதும்

கேமரா பொருத்திய கருவி விலை அதிகம். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடி உள்ள சாதாரண மின்சாரக் கருவியும் ஒரு கைப்பேசியும் இருந்தால் கல்லூரியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். கைப்பேசியை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்துங்கள். மிக முக்கியமாக, திரையில் தூளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் தூள் உருகி வெளிச்சம் ஏறியதும் கைப்பேசி தானே அதைக் குறைத்துவிடும். நாம் அளக்க நினைத்த மாற்றமே அழிந்துவிடும். லேபின் ஜன்னல் வெளிச்சம் மேகம் வந்தால் மாறும் என்பதால் ஜன்னல் திரையை மூடி, நிலையான ஓர் எல்இடி விளக்கை மட்டும் வையுங்கள்.

வெப்பநிலை காட்டும் திரை அதே சட்டத்துக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் ஒருவர் ஒவ்வொரு அரை டிகிரிக்கும் எண்ணை உரக்கச் சொல்லலாம். குரல் வீடியோவோடு பதிவாகிவிடும். தொடங்கும்போதே மாதிரியின் பெயர், தேதி, செய்பவர் பெயர் எழுதிய சீட்டைக் கேமராவுக்குக் காட்டிவிடுங்கள். எண்ணெய்க் குளியல் என்றால் கைப்பேசியைச் சுடரிலிருந்தும் சூடான பாரஃபினிலிருந்தும் தள்ளியே வைக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிவதில் சமரசம் வேண்டாம்.

வரைபடம் வரைய இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது. வீடியோவைத் தனித்தனிப் படங்களின் அடுக்காக மாற்றி அதில் திறந்து, தூளின் மேல் கட்டம் வரைந்து, படத்துக்குப் படம் சராசரி வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று கேட்டால் கோடு வந்துவிடும்.

முதல் சோதனைக்கு யூரியாவையும் சினமிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனியே 133ஐ ஒட்டி உருகுபவை. உருகுநிலையை மட்டும் வைத்து எது எது என்று சொல்ல முடியாது. முதல் கேபிலரியில் யூரியா, மூன்றாவதில் சினமிக் அமிலம், நடுவில் இரண்டையும் சம அளவில் நன்றாகச் சேர்த்து அரைத்த கலவை. பதிவை 90 டிகிரியிலேயே தொடங்கிவிடுங்கள். நடுக்குழாய் 100 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும், பக்கத்துக் குழாய்கள் இரண்டிலும் தூள் அப்படியே நிற்கும். அவையும் உருகித் தெளியும்வரை நிறுத்தாமல் பதிவு செய்து, மூன்று கட்டங்கள் போட்டு மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, வீடியோவோடு சேர்த்து ரெக்கார்டில் வையுங்கள்.